தமிழ் வலைப்பதிவில் பணம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது

2018 பிப்ரவரியில் கூகுள், இணையப் பக்கங்களில் விளம்பரம் காட்டி அதில் வரும் பணத்தில் பங்கு தரும் தன் ஆட்சென்ஸ் சேவையில் தமிழையும் சேர்த்துக்கொண்டதாக அறிவித்தது. பதிவுலகில் இருந்தவர்களுக்கு அது பெரிய செய்தி. தமிழில் வலைப்பதிவுகள் முளைக்கத் தொடங்கியது 2003-இல். ஆட்சென்ஸ் பிறந்ததும் அதே 2003-இல்தான். இரண்டும் ஒன்றுசேர 15 ஆண்டுகள் ஆயின. இந்தி 2014 கடைசியிலேயே உள்ளே போய்விட்டது, வங்காளம் 2017-இல். தமிழுக்குப் பின் சில மாதங்களில் தெலுங்கும் வந்தது.

ஆனால் அந்த அறிவிப்பு வந்தபோது தமிழ்ப் பதிவுலகத்தின் நல்ல காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டிருந்தது. பல பதிவர்களின் புதிய இடுகைகளை ஓரிடத்தில் திரட்டிக் காட்ட 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, வாரம் ஒரு பதிவரை முன்னிறுத்திய அதன் நட்சத்திர வாரம், சூடான இடுகைகள் பட்டியல், பின்னூட்டங்களில் விடிய விடிய நடந்த சண்டைகள், எல்லாம் ஃபேஸ்புக்குக்கும் ட்விட்டருக்கும் இடம் பெயர்ந்திருந்தன. பலர் ஆண்டுக்கணக்கில் தினமும் எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு காசு கூட வந்ததில்லை. வரும் என்று அவர்கள் எழுதவும் இல்லை.

தமிழ் இல்லாத அந்த 15 ஆண்டுகளிலும் ஆட்சென்ஸ் பணம் பார்த்த தமிழ்ப் பதிவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். வழி சுற்றுவழி. ஆங்கிலத்தில் பத்துப் பதினைந்து கட்டுரைகள் போட்டு விண்ணப்பித்து, அனுமதி கிடைத்ததும் அதே விளம்பர நிரலைத் தமிழ்ப் பக்கத்தில் ஒட்டுவார்கள். சேவையில் இல்லாத மொழிப் பக்கத்தில் விளம்பரம் காட்டுவது விதிப்படி தவறு என்பதால், என்றைக்கு வேண்டுமானாலும் கணக்கு முடங்கலாம். இன்னொரு ஆபத்து நண்பர்களிடமிருந்து வந்தது. "அண்ணே, உங்க பிளாக்ல இருக்கற விளம்பரத்தை எல்லாம் க்ளிக் பண்ணிட்டேன்" என்று அன்போடு சொல்லும் ஆட்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும். செயற்கையான க்ளிக் என்று கண்டுபிடித்துக் கணக்கை மூடிவிடுவார்கள். சேர்ந்திருந்த பணமும் திரும்பிப் போய்விடும்.

சரி, இப்போது தமிழுக்கு அனுமதி இருக்கிறது. அனுமதி கிடைத்தால் வருமானம் வந்துவிடும் என்று பலர் நம்பினார்கள். இன்றும் "பிளாக் தொடங்கி மாதம் ஒரு லட்சம் சம்பாதிக்கலாம்" என்று வகுப்பு நடத்துகிறவர்கள் அந்த நம்பிக்கையைத்தான் விற்கிறார்கள். உண்மை நிலவரம் புரிய வேண்டுமானால் விளம்பரப் பணம் எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு வாசகர் உங்கள் பக்கத்தைத் திறந்ததும், அந்தப் பக்கம் முழுதாக ஏறி முடிப்பதற்குள், அங்குள்ள விளம்பர இடத்துக்கு ஓர் ஏலம் நடந்துவிடுகிறது. அந்த வாசகர் எந்த ஊரில் இருக்கிறார், பக்கம் எதைப் பற்றியது, கைபேசியா கணினியா, அண்மையில் எதைத் தேடினார் என்பதையெல்லாம் வைத்து விளம்பரதாரர்கள் விலை கேட்கிறார்கள். கூடுதலாகக் கேட்டவரின் விளம்பரம் வரும். விளம்பரதாரர் 100 ரூபாய் செலவிட்டால் ஏறத்தாழ 68 ரூபாய் பதிவருக்கு வருகிறது. இந்தப் பங்கை கூகுள் 2010-இல் வெளிப்படையாகச் சொன்னது. 2024 தொடக்கத்தில் கணக்கிடும் முறையை மாற்றினார்கள்: விளம்பரதாரர் பக்கத்தில் சராசரியாக 15 சதவீதம் கழித்து, மீதியில் 80 சதவீதம் பதிவருக்கு. பெருக்கிப் பார்த்தால் அதே 68-தான். அதோடு, க்ளிக்குக்குப் பணம் என்பது போய், விளம்பரம் கண்ணில் பட்டதற்குப் பணம் என்று ஆனது.

பங்கு நியாயமாகவே இருக்கிறது. சிக்கல் ஏலத்தில் இருக்கிறது. உங்கள் கட்டுரை எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அந்த ஏலத்தில் யாரும் கேட்பதில்லை. அதைப் படிக்கிறவரிடம் எதையாவது விற்க எத்தனை பேர் போட்டி போடுகிறார்கள் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கிறது.

சாம்பாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே செய்முறையை ஒருவர் தமிழில் எழுதுகிறார், இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதுகிறார். தமிழ்ப் பக்கத்துக்கு வருபவர் பெரும்பாலும் மதுரையிலோ சேலத்திலோ கைபேசியில் படிக்கிறார். ஆங்கிலப் பக்கத்துக்கு நியூ ஜெர்சியிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அந்த வாசகருக்காக அங்கே சூப்பர் மார்க்கெட்டும் கிரெடிட் கார்டு நிறுவனமும் கார் இன்சூரன்ஸ் நிறுவனமும் டாலரில் மோதுகின்றன. மதுரை வாசகருக்காக நகைக்கடையும் ஜவுளிக்கடையும் மோதலாம்தான். ஆனால் அவர்களுடைய பணம் இன்னமும் தொலைக்காட்சிக்கும் நாளிதழுக்கும் சாலையோரப் பலகைக்கும் போகிறது. இணையத்துக்கு ஒதுக்குவதிலும் பெரும்பகுதி யூடியூபுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும். எழுத்துப் பக்கத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம். அதனால்தான் நன்றாகச் சமைக்கத் தெரிந்த தமிழ்ப் பெண்கள் பலர் தங்கள் செய்முறைகளை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். ஆட்சென்ஸைவிடக் கூடுதலாகத் தரும் மீடியாவைன் போன்ற விளம்பர நிறுவனங்களில் சேர, மாதம் 50,000 வருகைகள் வேண்டும் என்பது பல ஆண்டுகள் விதியாக இருந்தது. அமெரிக்க வாசகர்கள் இருந்தால்தான் அதில் சேர்வதற்கு அர்த்தமும் உண்டு. வெண்டைக்காய் பொரியல் செய்முறைக்கு முன்னால் பாட்டி வீட்டுக் கதை ஏன் இரண்டு பக்கம் ஓடுகிறது என்று எரிச்சல்படுகிறோமே, அந்தக் கதைக்கு நடுவில்தான் நாலு விளம்பரங்களுக்கு இடம் கிடைக்கிறது.

இனி கணக்கு. ஆயிரம் பார்வைக்கு எவ்வளவு வருகிறது என்பதை ஆர்பிஎம் என்பார்கள். அது பக்கத்துக்குப் பக்கம், மாதத்துக்கு மாதம் மாறும். தீபாவளியை ஒட்டி ஏறும், புத்தாண்டு முடிந்ததும் இறங்கும். ஓர் உதாரணத்துக்கு ஆயிரம் பார்வைக்கு அரை டாலர் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 300 பேர் படிக்கும் வலைப்பதிவு என்றால் மாதம் 9,000 பார்வை, நாலரை டாலர். தமிழில் நாளுக்கு 300 பார்வை என்பதே சாதாரணமாகக் கிடைப்பதில்லை.

மூன்றாவது மாதம் பத்து டாலரைத் தாண்டும். அப்போது உங்கள் முகவரியைச் சரிபார்க்க ஒரு ரகசிய எண்ணைச் சாதாரணத் தபாலில் அனுப்புவார்கள். மடித்து ஒட்டிய சின்னக் காகிதம். வந்து சேர மூன்று நான்கு வாரம் ஆகலாம். வீட்டு எண்ணில் பழையது புதியது என்று இரண்டு இருக்கும் தெருக்களில் அது வராமலே போவதும் உண்டு. நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். பதிந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பணம் கைக்கு வர 100 டாலர் சேர வேண்டும். மாதம் நாலரை டாலர் என்றால் கிட்டத்தட்ட 22 மாதம். ஏறத்தாழ இரண்டு ஆண்டு எழுதியதற்கு, டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 8,500 ரூபாய். அதிலும் வெளிநாட்டுப் பணத்தை மாற்றுவதற்கு வங்கி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

மாதம் 25,000 ரூபாய் வேண்டும் என்றால்? சுமார் 294 டாலர். அரை டாலர் கணக்கில் மாதம் ஆறு லட்சம் பார்வை, நாளுக்கு 20,000. ஒரு மனிதர் ஓய்வு நேரத்தில் எழுதி நாளுக்கு 20,000 பேரை வரவழைக்க முடியுமா? முடிகிறவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று பாருங்கள்: இன்றைய ராசிபலன், இன்றைய தங்கம் விலை, அரசு வேலைவாய்ப்பு அறிவிப்பு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எப்படி. இவை எல்லாம் மக்களுக்குத் தேவையான தகவல்கள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரே அறிவிப்பை நூறு தளங்கள் வார்த்தை மாற்றிப் போடும்போது, யார் முதலில் போடுகிறார் என்பதுதான் போட்டி. ஆதாரை பான் எண்ணோடு இணைப்பது பற்றிய தமிழ்ப் பக்கங்களில் எத்தனை ஒன்றைப் போலவே இருக்கின்றன! தன் ஊர்க் கண்மாய் பற்றி, ஒரு நாட்டார் தெய்வம் பற்றி, அரசு மருத்துவமனையில் கண்ட அனுபவம் பற்றி எழுதுகிறவருக்கு இந்தச் சந்தையில் விலையே இல்லை. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். பதிவுலகம் தமிழுக்குத் தந்த மிக நல்ல எழுத்து அந்த வகையைச் சேர்ந்தது.

அப்படியானால் வலைப்பதிவில் சம்பாதித்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். அவர்களின் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் படம் தெளிவாகும். அமித் அகர்வால் 2004-இல் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு ஆக்ராவிலிருந்து தொழில்நுட்பம் பற்றி ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். இந்தியாவின் முதல் முழுநேரப் பதிவர் என்று அவரைச் சொல்வார்கள். போட்டி குறைவாக இருந்த காலம், உலகம் முழுக்க வாசகர்கள், விளம்பர விலை அதிகமுள்ள துறை, மூன்றும் அவருக்கு அமைந்தன. பின்னர் அவர் ஜிமெயில், கூகுள் ஷீட்ஸ் போன்றவற்றோடு இணையும் கருவிகளைத் தானே உருவாக்கி விற்க ஆரம்பித்தார். எழுத்து வாசகரைக் கொண்டுவந்தது, விற்றது மென்பொருள்.

அமெரிக்காவில் ஜேசன் காட்கியின் கதை இன்னும் பாடம் உள்ளது. 1998 முதல் எழுதிவந்தவர், ஆங்கில வலையுலகில் அன்றைக்கு மிகவும் அறியப்பட்ட பெயர்களில் ஒருவர். 2005 பிப்ரவரியில் வேலையை விட்டுவிட்டு, விளம்பரம் வேண்டாம், வாசகர்கள் தரும் நன்கொடையில் வாழப் பார்க்கிறேன் என்றார். சுமார் 1,450 பேர் சேர்ந்து 39,900 டாலர் தந்தார்கள். இதை முதலில் படித்தபோது பெரிய வெற்றியாகத்தான் தோன்றும். ஆனால் பணத்தின் பெரும்பகுதி முதல் சில வாரங்களில் வந்தது. ஓராண்டு முடிந்ததும் அந்த வழியைத் தொடரப் போவதில்லை என்று அறிவித்தார். ஒவ்வோர் ஆண்டும் அதே உற்சாகத்தைக் கிளப்பி, அதே ஆட்களிடம் கை நீட்டுவது அவருக்குச் சரிப்பட்டு வரவில்லை. 2016 கடைசியில் மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா என்ற முறையோடு மறுபடி வாசகர்களிடம் வந்தார். அது நிலைத்தது. ஒவ்வொரு முறையும் கை நீட்டிக் கேட்கும் நன்கொடைக்கும், தானாகக் கழியும் சந்தாவுக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவு.

ஆண்ட்ரூ சல்லிவன் 2013-இல் தன் வலைப்பதிவைப் பெரிய பத்திரிகை நிறுவனத்திலிருந்து பிரித்து, ஆண்டுக்கு 19.99 டாலர் சந்தாவில் தனியே நடத்தினார். ஏறத்தாழ 30,000 சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள். பணம் வந்தும், 2015 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார். நாள் முழுக்க, வாரம் முழுக்க இடைவிடாமல் பதிவிட்டதில் உடம்பு கெட்டுப்போனது காரணம். வருமானக் கணக்குப் போடும்போது இந்தச் செலவை யாரும் சேர்ப்பதில்லை.

விளம்பரத்துக்கு அடுத்து அதிகம் பேசப்படுவது அஃபிலியேட். நீங்கள் தந்த இணைப்பின் வழியே போய் ஒருவர் பொருள் வாங்கினால் உங்களுக்குத் தரகு. அமேசானில் அந்த இணைப்பின் ஆயுள் 24 மணி நேரம்தான். வாசகர் இன்றைக்குப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை சம்பளம் வந்ததும் வாங்கினால் உங்களுக்கு ஒன்றும் வராது. கணக்குத் தொடங்கி 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். தரகு வீதமும் உங்கள் கையில் இல்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அறைகலன்களுக்கு 8 சதவீதமாக இருந்ததை 3 ஆகவும், மளிகைக்கு 5 ஆக இருந்ததை 1 ஆகவும் ஒரே அறிவிப்பில் குறைத்தார்கள். ஊரடங்கில் எல்லோரும் இணையத்தில் மளிகை வாங்கிக்கொண்டிருந்த சமயம் அது.

பணம் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பாராட்டி எழுதும் பதிவுகள் தமிழில் ஆட்சென்ஸைவிட நன்றாகவே தருகின்றன. ஆனால் 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பணமோ இலவசப் பொருளோ பயணமோ பெற்றிருந்தால் அதை வாசகருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. அபராதத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வாசகரின் நம்பிக்கை. மூலிகைத் தைலத்தையும் கடன் செயலியையும் பாராட்டி எழுதியவர் நாளைக்கு உண்மையைச் சொன்னாலும் யார் கேட்பார்கள்?

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெரிய நிச்சயமின்மை இருக்கிறது. வாசகர் எங்கிருந்து வருகிறார்? திரட்டிகள் இருந்த காலத்தில் பதிவரிலிருந்து பதிவருக்கு வந்தார்கள். இப்போது பெரும்பாலும் கூகுள் தேடலிலிருந்து. 2023 செப்டம்பரில் கூகுள் தன் தேடல் வரிசையை மாற்றியபோது, ஆண்டுக்கணக்கில் நேர்மையாக எழுதிவந்த சின்னச் சின்ன ஆங்கிலத் தளங்கள் பலவும் சில வாரங்களில் வாசகர்களை இழந்தன. 2024-இல் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே செயற்கை நுண்ணறிவு தரும் பதில் வந்துவிட்டது. 2025-இல் பியூ ஆய்வு மையம் அமெரிக்கர்களின் தேடல்களைப் பார்த்துச் சொன்னது: அந்தப் பதில் இல்லாத பக்கங்களில் 15 சதவீத முறை ஏதோவொரு இணைப்பை அழுத்தியவர்கள், பதில் இருக்கும் பக்கங்களில் 8 சதவீத முறைதான் அழுத்தினார்கள். "எப்படி" என்று தொடங்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதி விளம்பரத்தில் பிழைக்கலாம் என்ற திட்டத்துக்கு இது நேரடி அடி. ரேஷன் கார்டு பற்றிய பதிவு அந்த வகைதான். கண்மாய் பற்றிய பதிவுக்கு இதனால் பெரிய நட்டமில்லை, அதைத் தேடி வருகிறவர் பதிலுக்காக வருவதில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருக்கிறது.

தமிழில் வலைப்பதிவு வழியாகப் பணம் பார்ப்பவர்கள் என் கண்ணில் பட்டவரை மூன்று மாதிரி. ஒன்று, கையில் வேறு தொழில் இருந்து அதைப் பற்றி எழுதுகிறவர்கள். மாடித் தோட்டம் பற்றி எழுதிவிட்டு விதை விற்கிறவர், ஜிஎஸ்டி பற்றித் தமிழில் புரியும்படி எழுதி வாடிக்கையாளர் பிடிக்கும் கணக்கர், ஆரி வேலைப்பாடு சொல்லித்தரும் பெண். இவர்களுக்கு நாளுக்கு 20,000 பேர் வேண்டாம். மாதத்துக்குப் பத்துப் பேர் போன் செய்தால் போதும்.

இரண்டாவது, எழுத்தையே புத்தகமாக்கி விற்கிறவர்கள். 2016 கடைசியில் அமேசானின் மின்னூல் சேவையான கிண்டில் தமிழுக்கு வந்தது. பதிப்பகத்தின் வாசலில் காத்திருக்காமல் பழைய பதிவுகளைத் தொகுத்து மின்னூலாக்கிவிடலாம் என்றானது. 2018-இல் அமேசான் நடத்திய எழுத்துப் போட்டியில் தமிழும் ஒரு பிரிவாக இருந்ததால் அந்தப் பக்கம் கூட்டம் சேர்ந்தது. சந்தா வாசகர்கள் படித்த பக்கங்களைக் கணக்கிட்டுப் பணம் தரும் முறையில், விறுவிறுவென்று ஓடும் குடும்பக் கதைகளும் காதல் கதைகளும் நன்றாகப் போகின்றன. அங்கே வாழ்க்கை நடத்துகிற எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள். இலக்கியப் பத்திரிகைகள் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை, பேச வேண்டும். கட்டுரைத் தொகுப்புகளுக்கு அந்த ஓட்டம் இல்லை.

மூன்றாவது வகைக்கு வலைப்பதிவிலிருந்து நேரடியாக ஒரு ரூபாயும் வருவதில்லை. எழுத்தைப் பார்த்து மொழிபெயர்ப்பு வேலை வரும், விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதக் கூப்பிடுவார்கள், பத்திரிகையில் தொடர் கிடைக்கும், சினிமாவில் வசனத்துக்கு உதவக் கேட்பார்கள். சம்பளப் பட்டியலில் வலைப்பதிவின் பெயர் எங்கும் இராது. ஆனால் ஐந்தாறு ஆண்டுப் பதிவுகள் இல்லாவிட்டால் அந்த வேலை வந்திருக்காது. தமிழ்ப் பதிவுலகம் தந்த வருமானத்தில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான் என்பது என் கணிப்பு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். கூகுளின் பிளாகரில் இலவசமாகத் தொடங்கலாம், சொந்தப் பெயரில் டொமைன், அதாவது இணைய முகவரி, மட்டும் வாங்கிக்கொண்டால் போதும். வேலையை விட வேண்டாம். விளம்பரத்தை முதல் ஆண்டு போடவே வேண்டாம். அரை டாலருக்காகப் பக்கத்தை அடைத்துக்கொண்டால், வேலை கொடுக்க வருகிறவர் படிக்காமலே போய்விடுவார். வாசகர்களின் மின்னஞ்சல் முகவரியை அவர்கள் சம்மதத்தோடு சேர்த்து வையுங்கள். தேடல் வரிசை மாறினாலும் அந்தப் பட்டியல் உங்களிடம் இருக்கும்.

வரி பற்றி ஒரு வார்த்தை, இதை யாரும் சொல்லித்தருவதில்லை. ஆட்சென்ஸிலிருந்தோ கிண்டிலிலிருந்தோ எவ்வளவு சின்னத் தொகை வந்தாலும் அது வருமானம்தான், கணக்கில் காட்ட வேண்டும். முறையாகத் தொடர்ந்து செய்தால் தொழில் வருமானமாகக் காட்டி, அதற்காகச் செய்த செலவைக் கழித்துக்கொள்ளலாம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். வெளிநாட்டு நிறுவனம் தரும் விளம்பரப் பணம் சேவை ஏற்றுமதி என்ற வகையில் வரும் என்பதால், அந்த நிலைக்கு வருகிறவர்கள் ஒரு கணக்கரைப் பார்த்துவிடுவது நல்லது. மற்றவர்களுக்கு டொமைன் கட்டணம், இணையக் கட்டணம், கணினி வாங்கிய ரசீது, வங்கி தரும் வெளிநாட்டுப் பண வரவுச் சான்று, இவை நான்கையும் ஒரு கோப்பில் போட்டு வைத்தால் போதும்.